மேற்குச் சரிவை அளந்த நாள்

காலையில் எழுந்தேன். பால் காய்ச்சினேன். டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். குளித்தேன். முந்தின நாள் துவைத்த சட்டையைக் கொடியிலிருந்து எடுத்து இஸ்திரி போட்டேன். காலர், கைகள், முதுகு, கடைசியில் முன்பக்கம். ஜன்னல்களைச் சாத்தினேன். என் போனையும் மனைவியின் போனையும் சார்ஜரிலிருந்து கழற்றினேன்.

அவள் போனை இன்னும் அணைக்கவில்லை. காரணம் எளிது. விவசாயிகள் அதில்தான் கூப்பிடுகிறார்கள். அறுவடைக்கு முந்தைய இந்த நாட்களில்தான் மானியத்துக்கான கள ஆய்வு நடக்கும். ஆள் எப்போது வரும் என்று கேட்க எல்லோரிடமும் அவள் எண்தான் இருக்கிறது. அன்றும் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் கூப்பிட்டார்.

"டேப்பம்மா இருக்காங்களா?"

இறந்துவிட்டார், இனி வேறு ஆய்வாளர் வருவார் என்றேன். நல்ல மனுஷி என்றார். போன வருஷம் என் வயலில் ஒரு மூலையை வெட்டிவிட்டார் என்றார். இரண்டையும் ஒரே குரலில்தான் சொன்னார். நன்றி சொல்லிவிட்டு வீட்டைப் பூட்டினேன்.

பயிரிட்ட நிலத்துக்கு, அதன் பரப்பைப் பொறுத்து, அரசு ஆண்டுதோறும் மானியம் தருகிறது. இவ்வளவு பயிரிட்டிருக்கிறேன் என்று விவசாயி எழுதிக் கொடுப்பார். அது உண்மையா என்று நேரில் அளந்து பார்ப்பது என் மனைவியின் வேலை. அவள் அளந்து வந்ததைக் கணினியில் வரைபடமாக்குவது என் வேலை. ஒரே அலுவலகம். பழக்கமும் அங்கேதான், கல்யாணப் பேச்சும் அங்கேதான்.

மற்ற ஆய்வாளர்கள் ஜீப்பில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் படத்தைப் பார்த்து எழுதுவதுண்டு. அவள் இறங்கிவிடுவாள். வரப்பு இடது கைப்பக்கம் இருக்கும்படி வயலை ஒரு முழுச் சுற்று நடப்பாள். ஒரு கையில் அளக்கும் கருவி. இடுப்பில் டேப், டேப்பம்மா என்ற பெயர் அதனால் வந்தது. விவசாயி அவளுக்குப் பின்னால்தான் வர வேண்டும். முன்னால் விட்டால் ஒவ்வொரு மூலையிலும் ஓர் அடியை வெளியே தள்ளி வைப்பார்களாம். வேண்டுமென்று செய்வதில்லை, காலுக்கே ஆசை வந்துவிடும் என்பாள்.

இன்னொரு கையில் இரும்புக் கம்பி. அதில் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு. கோடு வரைக்கும் கம்பி மண்ணில் இறங்கினால் அது வயல். இறங்காவிட்டால் பாறை. எங்கள் வட்டாரத்தில் பாறைக்குப் பஞ்சமில்லை. ஆய்வு வரப்போகிறது என்று தெரிந்தால் பாறைமேல் நாலு கூடை மண்ணைக் கொட்டி எதையாவது விதைத்துவிடுவார்கள். இரண்டே வாரத்தில் பச்சையாகிவிடும். மேலிருந்து எடுக்கும் படத்தில் அதுவும் வயல்தான். அவள் கம்பியால் ஒரு குத்து குத்திவிட்டு, "இது பயிர் இல்லீங்க, பச்சை பெயிண்ட்" என்பாள். சிரித்துக்கொண்டே சொல்வாள். அதனால் திட்ட நினைத்தவர்களுக்கும் திட்ட வாய் வராது.

போன வருஷம் அந்தப் பச்சை பெயிண்டை அவள் அப்பாவும் அடித்திருந்தார்.

மாமாவை ஊரில் வக்கீல் என்பார்கள். கோர்ட் வாசலை மிதித்தவரில்லை. கடிகாரம் மணி அடித்தால்கூட அதனிடம் மறுத்துப் பேசுவார், அவ்வளவுதான். அவர் நிலத்தில் மேற்கே ஒரு சரிவு. அவருடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே கல்தான் விளைந்தது. போன வருஷம் அதையும் சேர்த்து மானியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

சொந்தக்காரர் நிலத்தை அளக்கக் கூடாது என்பது விதி. வேறு ஆளை அனுப்புங்கள் என்று அவளே மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தாள். வேறு ஆள் இல்லை, பக்கத்து வயல்காரர் இருவரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு நீயே முடித்துவிடு என்று பதில் வந்தது. சாட்சிகளோடு போனாள். சரிவில் கம்பியை இறக்கினாள். ணங் என்று நின்றது. இன்னோர் இடம். ணங். சாட்சிகள் இருவரும் தங்கள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'மேற்குச் சரிவு, பாறை, தகுதியில்லை' என்று எழுதி, கையெழுத்துக்காக அப்பாவிடம் நீட்டினாள். அவர் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்ததோடு அவளிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

அத்தை இரண்டு பக்கமும் பேசிப் பார்த்தாள். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறுதானே என்று அவரிடம் சொன்னாள். அப்பாதானே, ஒரு தடவை கண்ணை மூடிக்கொண்டால் என்ன என்று மகளிடம் சொன்னாள். ஒன்றும் எடுபடவில்லை. நாங்கள் போகும்போதெல்லாம் அவர் எதிரே உட்கார்ந்திருக்கும் மகளை விட்டுவிட்டு அத்தையிடம்தான் பேசுவார். "உன் பொண்ணைச் சாப்பிடச் சொல்லு." இவளும் சளைத்தவளில்லை. "உங்க வீட்டுக்காரர்கிட்ட உப்பை நகர்த்தச் சொல்லும்மா." நடுவில் அத்தை தபால்காரி மாதிரி தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருப்பாள்.

சந்தையில் போய், என் பொண்ணே என்னைத் தள்ளிவிட்டாள் என்று எல்லோரிடமும் முறையிட்டார். முதலில் அது புகாராகத்தான் இருந்தது. சில மாதம் கழித்து அதே வாக்கியத்தை அவர் விதைக் கடையில் சொல்லும்போது கேட்டேன். "என் பொண்ணு என்னையே தள்ளிட்டாய்யா, உன்னை விடுவாளா?" சொல்லும்போது மார்பு கொஞ்சம் முன்னால் வந்திருந்தது. ஆனாலும் அவளிடம் பேசவில்லை.

பேச்சை நிறுத்திய அடுத்த வாரமே சரிவில் கல் பொறுக்கத் தொடங்கிவிட்டார். பெரிய கல்லைக் கடப்பாரையால் நெம்பி உருட்டினார். சிறியதைக் கூடையில் அள்ளினார். எல்லாவற்றையும் சரிவுக்குக் குறுக்கே சுவர் சுவராக அடுக்கினார். பக்கத்து வயல்காரர், போன வருஷத்துச் சாட்சிகளில் ஒருவர், தினமும் வந்து வேடிக்கை பார்த்தார். கல்லில் நார் உரித்தவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், சோளம் உரிக்கப் பார்க்கிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். மாமா பதில் சொல்லவில்லை. வக்கீல் பதில் சொல்லாதது ஊரில் அதுதான் முதல் தடவை.

கோடை முடியும்போது அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்றுதான் மருத்துவமனையில் சேர்த்தோம். அவள் திரும்பி வரவில்லை. மாமா வந்து சேர்ந்தபோது அவளுக்குப் பேச்சு இல்லை. கட்டிலின் கால்பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

எல்லாம் முடிந்து உறவுக்காரர்கள் கிளம்பிய மறுநாள் கடப்பாரையோடு சரிவில் நின்றார். பாதிதான் முடிந்திருந்தது. மீதிப் பாதியையும் பெயர்த்தார். டிராக்டர் வைத்துக் குளத்து வண்டலைக் கொண்டுவந்து கொட்டினார். மழை வந்ததும் மக்காச்சோளம் விதைத்தார். மனுஷனுக்கு மூளை பிசகிவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

இந்த வருஷ விண்ணப்பத்தில் மேற்குச் சரிவை மறுபடி சேர்த்திருந்தார்.

அலுவலகத்தில் அந்த விண்ணப்பத்தை இரண்டு தடவை படித்தேன். ஒரே நிலம் இரண்டாவது தடவையும் தள்ளப்பட்டால் பொய் விண்ணப்பம் என்று பதிவாகும். பிறகு சரிவு மட்டுமல்ல, அவருடைய மொத்த நிலத்துக்கும் மூன்று வருஷம் மானியம் கிடையாது. விதையும் டீசலும் அவர் அதில்தான் வாங்குகிறார். மூன்று வருஷம் அது நின்றால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான். நேரில் போய்ச் சொன்னேன். சரிவை மட்டும் இந்தத் தடவை எடுத்துவிடுங்கள், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன்.

"நீங்க மாப்பிள்ளையா சொல்றீங்களா, ஆபீசரா சொல்றீங்களா?"

"ரெண்டும்தான் மாமா."

"அப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பதில்தான். எடுக்க மாட்டேன்."

அவர் நிலத்தில் ஆய்வு, டேப்பம்மாவைக் கேட்டு போன் வந்த அன்றுதான். நான் பூட்டிய வீட்டிலிருந்து நேரே ஜீப்புக்குப் போனேன். புது ஆய்வாளருக்கு வழி தெரியாது, அதனால் கூடப் போகச் சொல்லியிருந்தார்கள். கருவியைத் தொட மாட்டேன், இந்த நிலத்தின் வரைபடத்தைப் பக்கத்து மேஜைக்காரர் வரையட்டும் என்று முன்பே சொல்லிவிட்டேன். அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

புது ஆய்வாளர் என்னைவிட இளையவர். ஷூ பளபளப்பாக இருந்தது. வழி நெடுக டிரைவர் அவருக்கு டேப்பம்மாவின் கதையைச் சொல்லிக்கொண்டு வந்தார். நான் பின்சீட்டில் இருப்பதை மறந்துவிட்டார் போலிருக்கிறது. உயிர் போகும்போது அந்த அம்மா கையைத் தூக்கி, நேர்மையை விட்டுவிடாதீர்கள் என்று சொன்னார்களாம். டாக்டரே அழுதுவிட்டாராம். ஆய்வாளர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. அவள் அப்படிக் கையைத் தூக்கிப் பேசுகிற ஆளில்லை. ஆனால் ஒரு வட்டாரமே அவளைப் பற்றி இப்படிப் பொய் சொல்ல விரும்புகிறது என்பது எனக்குப் பிடித்துத்தான் இருந்தது.

மாமா வெள்ளைச் சட்டையில் வாசலில் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அத்தை. வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வயல்காரர், வேலை இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டு.

கிழக்கு வயல்கள் சிக்கலில்லாமல் முடிந்தன. சரிவின் அடிவாரத்துக்கு வந்ததும் ஆய்வாளர் கைக்கணினியில் படத்தைப் பார்த்தார். அது பழைய படம். சரிவு சாம்பல் நிறத்தில் இருந்தது. அதன் மேல் போன வருஷத்துக் குறிப்பு, தகுதியில்லை. நிமிர்ந்து பார்த்தார். ஆளுயரத்துக்கு மக்காச்சோளம் நின்றது. மறுபடி படத்தைப் பார்த்தார். பிறகு படத்தை அணைத்துவிட்டார்.

குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். வீட்டில் நடந்ததெல்லாம் தனக்குத் தெரியும். இந்த வயதில் ஐயா மேலே ஏற வேண்டாம். சரிவை முழுசாகத் தகுதி என்று எழுதிவிடுகிறேன். கையெழுத்துப் போட்டால் போதும்.

அத்தை மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. எனக்கும் தோளிலிருந்து ஏதோ இறங்கியது. மூன்று வருஷப் பயம் ஒரு வரியில் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

மாமா பேனாவை வாங்கவில்லை.

"தம்பி, இதைத் தகுதியில்லைன்னு எழுதினது யாருன்னு தெரியுமா?"

தெரியும் என்று ஆய்வாளர் தலையசைத்தார்.

"என் பொண்ணு. அவ எழுதினதை அடிக்கணும்னா அளந்து அடிங்க. பரிதாபப்பட்டு அடிக்காதீங்க."

ஆய்வாளர் என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

மாமா வீட்டுக்குப் போய் ஒரு கம்பியைக் கொண்டுவந்தார். அவளுடையது அலுவலகத்தில் இருக்கிறது. இது அவர் வெல்டிங் பட்டறையில் செய்து வாங்கியது. அதே நீளம், அதே சிவப்புக் கோடு. கோடு மட்டும் ஒரு விரற்கடை கூடுதல் ஆழத்தில் இருந்தது. ஏன் என்று ஆய்வாளர் கேட்டார்.

"அவ வந்து குத்துவா, அவ கோட்டைத் தாண்டியும் இறங்கும், நான் ஒரு பார்வை பாக்கலாம்னு நினைச்சேன்" என்றார் மாமா.

ஏறினோம். ஆய்வாளர் முன்னால் நடந்தார். யாரும் சொல்லாமலே மாமா அவருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். வரப்பு இடது பக்கம். நான் நாலடி தள்ளி வந்தேன். முதல் இடத்தில் கம்பி இறங்கியது. ணங் இல்லை. ஈர மண்ணில் கத்தி இறங்குவதுபோல் ஒரு சின்ன ஓசை. அடுத்த இடம், அதற்கடுத்த இடம். கோடு மண்ணுக்குள் மறையும் ஒவ்வொரு தடவையும் வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பக்கத்து வயல்காரர் ம் கொட்டினார். கல்சுவர்கள் தாங்கிப் பிடித்த மண் படிப்படியாக மேலே போயிற்று. ஆய்வாளரின் ஷூ நிறம் மாறிவிட்டது. அவர் அதைக் கவனிக்கவில்லை.

மேல் மூலையில் பயிர் மற்ற இடத்தைவிட உயரமாக, கரும்பச்சையாக நின்றது. மாமாவின் நடையிலேயே ஒரு மிடுக்கு வந்துவிட்டது. ஆய்வாளர் கம்பியை இறக்கினார்.

பாதியில் நின்றது.

ஓரடி தள்ளி இறக்கினார். நின்றது. இன்னும் தள்ளி. அங்கேயும். பக்கத்து வயல்காரர் ம் கொட்டுவதை நிறுத்திவிட்டார்.

மாமா கம்பியை வாங்கித் தானே குத்தினார். உடம்பின் எடையையெல்லாம் போட்டு அழுத்தினார். பிறகு எழுந்து நின்று அந்தப் பயிரையே பார்த்தார். சரிவு முழுக்கத் தினம் குத்திப் பார்த்தவர், இந்த மூலையை மட்டும் விட்டுவிட்டார். பயிர் இவ்வளவு நன்றாக இருக்கும் இடத்தை யாராவது சோதிப்பார்களா? அடியில் அகலமாகப் பாறை படுத்திருக்கிறது. மழைத்தண்ணீர் கீழே இறங்க வழியில்லாமல் அதன்மேல் தேங்கி நின்றிருக்கிறது. அந்தச் செழிப்பு அதனால் வந்தது. மழை குறைந்த வருஷத்தில் முதலில் கருகப்போவது இந்த மூலைதான்.

விதி எனக்கு மனப்பாடம். சரிவில் கால் பங்குக்கு மேல் பாறை என்றால் முழுச் சரிவும் தள்ளுபடி, அதோடு மூன்று வருஷ மானியமும் போகும். பாறை எதுவரை படுத்திருக்கிறது என்று மேலிருந்து யாருக்கும் தெரியாது.

பயிர் இவ்வளவு நன்றாக நிற்கிறதே, இதைப் போய்த் தள்ளுவதா, கம்பி ஏதோ ஒரு கல்லில் பட்டிருக்கும் என்று ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார். மூலையைச் சுற்றி நடக்கக் காலை எடுத்தும்விட்டார்.

"கல்லு இல்ல தம்பி, பாறை" என்றார் மாமா. "எது வரைக்கும் இருக்குன்னு குத்திட்டு வாங்க. அங்கேருந்து அளங்க."

கீழே அத்தை கையை நெற்றியில் வைத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு விஷயம் தெரியாது. மூலையிலிருந்து உள்பக்கமாகக் குத்திக்கொண்டு வந்தார்கள். நின்றது. நின்றது. மாமாவின் முதுகில் சட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. மறுபடியும் நின்றது. அவர் நிற்கவில்லை. அடுத்த வரிசைக்குப் போனார். அங்கே கம்பி இறங்கியது, கோடு மறைந்தது. பக்கத்தில் குத்தினார். அங்கேயும் மறைந்தது. அந்த இடத்தில் செருப்பால் ஒரு கோடு கிழித்து, "இங்கேருந்து" என்றார்.

ஆய்வாளர் அந்தக் கோட்டின் மேல் நடந்து சுற்றை முடித்தார். கருவி கணக்குப் போட்டது. தள்ளுபடியானது ஒரு மாட்டுக்கொட்டகை அளவு நிலம். கால் பங்குக்குக் கிட்டக்கூட வரவில்லை.

எழுதியதைப் படிக்கச் சொன்னார் மாமா. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது. ஆனாலும் படிக்கச் சொன்னார், சத்தமாக. ஆய்வாளர் படித்தார். 'மேற்குச் சரிவு, பயிர் நிலம், மேல் மூலை நீங்கலாகத் தகுதி உண்டு.' இன்னொரு தடவை என்றார். வேலிப் பக்கம் திரும்பி நின்று படிக்கச் சொன்னார். ஆய்வாளர் சிரித்துக்கொண்டே திரும்பி நின்று படித்தார்.

மூலை போச்சே வக்கீலே என்றார் பக்கத்து வயல்காரர்.

"என் பொண்ணு வந்திருந்தாலும் போயிருக்கும்" என்றார் மாமா. "மிச்சத்தை அவளாலயும் தள்ள முடியாது. வந்து குத்திப் பாருய்யா."

பக்கத்து வயல்காரர் உண்மையிலேயே வேலியைத் தாண்டி வந்து குத்திப் பார்த்தார். கம்பியை உருவி, ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துப் பார்த்தார். கம்பியை இரண்டு கையாலும் மாமாவிடம் நீட்டினார்.

ஜீப் கிளம்பியது. நான் இருந்துவிட்டுப் பஸ்ஸில் வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மாமா நடுச் சுவரில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். கல் வெயிலில் சுட்டது. கீழே சாலை தெரிந்தது. வளைவில் ஜீப் மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

நேர்மை அது இது என்று டிரைவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறானே, நிஜமா என்று கேட்டார். இல்லை என்றேன். அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

"என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா மாப்பிள்ளை?"

இத்தனை மாதத்தில் அவர் கேட்டது இதுதான் முதல் தடவை. முன்பே கேட்டிருந்தாலும் நான் சொல்லியிருக்க முடியாது. அவள் என் வாயைக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். இன்றைக்குத்தான் அந்தக் கட்டு அவிழ்ந்தது.

மருத்துவமனையில் அந்தக் கடைசி நாள் மதியம் அவளுக்குக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கியிருந்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். தலையணையைத் திருப்பிப் போடச் சொன்னாள். போட்டேன். அப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், வந்துகொண்டிருக்கிறார் என்றேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். சிரித்த மாதிரிதான் இருந்தது. அதன் பிறகு தூங்கினாள். எழுந்திருக்கவில்லை. நடுவில் சொன்னது இவ்வளவுதான். ஒன்றும் கூட்டாமல், குறைக்காமல், அப்படியே அவரிடம் சொன்னேன்.

"ஜீப்ல போறப்ப எல்லாம் வளைவுல நிறுத்தி, அப்பா கல்லு பொறுக்கறதை நான் பாத்துட்டுத்தான் போறேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க. என் மேல இருக்கற கோபம் போயிடுச்சுன்னா பாதியிலயே விட்டுடுவாரு."